மூளையே இல்லாத செடி 12 வருஷத்த எப்படி எண்ணுது?

போடிமெட்டு_கதிர்:

வணக்கம் மக்களே. ஒரு கேள்வி ரொம்ப நாளா மண்டைய குடையுது. இங்க செடி கொடி பூச்சின்னு படிச்சவங்க நெறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். எங்க ஊருக்கு மேல மூணாறு பக்கம் 2006ல குறிஞ்சி பூத்துச்சு, அப்புறம் 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030னு எல்லாரும் அடிச்சு சொல்றாங்க. நடுவுல மழை பொய்ச்ச வருஷம் இருக்கு, கொட்டித் தீர்த்த வருஷம் இருக்கு, தீப்பிடிச்சு புல்லெல்லாம் கருகுன வருஷம் இருக்கு, இவ்ளோ மாறியும் மொத்த மலையும் ஒரே வருஷத்துல நீலமா மாறுதுன்னா அந்தச் செடிக்குள்ள எங்கயோ ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கணும்ல? அதுக்கு மூளை கெடையாது, காலண்டர் கெடையாது, பக்கத்துச் செடிகிட்ட கேட்டுக்க வாயும் கெடையாது. பின்ன 11 வருஷம் முடிஞ்சுது, 12 ஆச்சுன்னு அதுக்கு எப்படி தெரியுது?

இன்னொண்ணு, ஏன் 12? வருஷா வருஷம் பூத்துட்டுப் போனா என்ன கொறஞ்சுரும்? இதே மாதிரி வருஷக் கணக்கு வச்சு வாழுற வேற செடி, பூச்சி ஏதாச்சும் இருந்தாலும் சொல்லுங்க. தேடிப் பாத்தா எல்லா இடத்துலயும் "12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அதிசயம்"னு அதே நாலு வரி தான் இருக்கு, எப்படின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க.


ராஜி_தாவரவியல்:

கதிர் தம்பி, முதல்ல ஒண்ணத் தெளிவு பண்ணிட்டுப் போவோம், அதுலயே உங்க கேள்விக்குப் பாதி பதில் இருக்கு. குறிஞ்சி எல்லா மலையிலயும் 2006, 2018னு பூக்குறது இல்ல. இரவிகுளம், கொடைக்கானல் பக்கத்துல இருக்குற பெரிய கூட்டத்துக்குத் தான் அந்தக் கணக்கு. அதே இடுக்கி மாவட்டத்துலயே சாந்தன்பாறை பக்கம் கள்ளிப்பாறை மலையில 2022ல பூத்துச்சு, கர்நாடகால சிக்கமகளூரு மலைகள்லயும் அதே 2022ல பூத்துச்சு. வெளியில இருந்து ஏதோ ஒரு அறிகுறி வந்து, வெயிலோ மழையோ, "இந்த வருஷம் பூங்க"ன்னு சொல்லுச்சுன்னா பக்கத்துப் பக்கத்து மலை எல்லாம் ஒண்ணா பூத்திருக்கணும் இல்லையா. அப்படி நடக்கல. மலைக்கு மலை வருஷம் வேற, ஆனா ஒரு மலைக்குள்ள எல்லாம் ஒரே வருஷம்.

ஏன்னா குறிஞ்சி ஒரே ஒரு தடவை தான் பூக்கும், பூத்து காய் விட்டு விதை உதுந்ததும் அந்தச் செடி செத்துரும். நிறைய பேர் அதே செடி 12 வருஷம் கழிச்சு மறுபடி பூக்குதுன்னு நெனைக்கிறாங்க, கிடையாது, நீங்க 2018ல பாத்தது எல்லாம் காஞ்சு போச்சு, 2030ல பாக்கப் போறது அதோட புள்ளைங்கள. ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பூத்து, தேனீ வந்து மகரந்தம் சேர்த்து, விதை விழுந்து, அடுத்தடுத்த மழையில மொளைச்சு வருது. அப்போ மொத்த மலையும் ஒரே வயசு. ஒரே வருஷம் ஒண்ணாம் கிளாஸ்ல சேந்த பசங்க ஒரே வருஷம் பத்தாவது எழுதுற மாதிரி, ஒருத்தர ஒருத்தர் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. ஒவ்வொரு செடியும் தன் வயச மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும்.

அந்த வயசு எப்படி தெரியும்ங்குறது தான் அடுத்த கேள்வி. இதே ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்துல மகாராஷ்டிரா பக்கம் கார்வின்னு ஒண்ணு இருக்கு, அது 8 வருஷத்துக்கு ஒரு தடவை. மும்பைக்குள்ளயே இருக்குற சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுல 2008, 2016, 2024னு பூத்துச்சு. அதே பேரினத்துல வருஷா வருஷம் பூக்குறதும் இருக்கு. மழை, மண்ணு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தும் இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறுதுன்னா அது பரம்பரையா ஜீன்ல வர்ற விஷயம்னு தான் அர்த்தம்.

செடிக்கு வயசு தெரியும்ங்குறது இப்போ நல்லாவே நிரூபணமான ஒண்ணு. நெறைய செடிகள்ல மைக்ரோ ஆர்என்ஏ 156ன்னு ஒரு சின்ன மூலக்கூறு இருக்கு. நாத்தா இருக்குறப்போ அது ஏகத்துக்கும் இருக்கும், அது இருக்குற வரைக்கும் பூ பூக்க வைக்கிற ஜீன்கள எழும்ப விடாது. செடி வளர வளர, இலையில சர்க்கரை சேரச் சேர, அது கொறஞ்சுகிட்டே வரும். ஒரு அளவுக்குக் கீழ போனதும் பூக்குற வழி தொறக்குது. வருஷத்த எண்ணுறதுக்கு இன்னொரு வழியும் இருக்கு, குளிர்காலம். பல செடிகள் ஒரு குளிர்காலம் முழுசா அனுபவிச்சதை செல்லுக்குள்ள ஒரு ஜீன மூடி வச்சு ஞாபகம் வச்சுக்கும், வசந்தம் வந்த பிறகும் அந்த மூடி தொறக்காது. இந்த ரெண்டும் சேந்து "வயசும் ஆகணும், குளிரும் படணும்"னு வேலை செய்யுற செடிகள் இருக்குன்னு 2013ல காட்டியிருக்காங்க. குறிஞ்சியில 12 வரைக்கும் எண்ணுறது இதே பொறி தானான்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. மலை உச்சியில 12 வருஷம் காத்திருந்து ஒரு தடவை தான் சோதிக்க முடியும், ஒரு ஆராய்ச்சியாளரோட மொத்த வேலைக்காலத்துல மூணு வாய்ப்பு வந்தா பெருசு, அதனால தான் இந்த விஷயம் இவ்ளோ மெதுவா நகருது.


சின்சினாட்டி_செல்வா:

ராஜி அக்கா செடிக்கு சொல்லிட்டாங்க, நான் பூச்சிக்கு சொல்றேன், ஏன்னா நான் இருக்குற ஊர்ல 2021 மே மாசம் இதைக் கண்ணால பாத்தேன். இங்க அமெரிக்காவோட கிழக்குப் பாதியில மட்டும் ஒரு வகை சிள்வண்டு இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கெடையாது. மண்ணுக்கு அடியில 17 வருஷம் மரத்து வேர்ல சாறு உறிஞ்சிக்கிட்டு குட்டியாவே கெடக்கும், 17வது வருஷம் வசந்தத்துல, 20 சென்டிமீட்டர் ஆழத்துல மண்ணு 18 டிகிரி சூடு வந்ததும், பொழுது சாஞ்ச பிறகு கூட்டம் கூட்டமா வெளிய ஏறி வரும். தெற்கு மாநிலங்கள்ல இருக்குற வகைக்கு 13 வருஷம். மொத்தம் 7 இனம், மூணு இனம் 17 வருஷக் கணக்கு, நாலு இனம் 13. நல்லா அடர்த்தியா வர்ற இடத்துல ஒரு ஏக்கர்ல 15 லட்சம் வரைக்கும் வரும்னு கணக்கு. கண்ணு சிவப்பு, றெக்கை நரம்பு ஆரஞ்சு. ஆண் பூச்சிங்க மொத்தமா கத்துறப்போ 90 டெசிபலத் தாண்டும், தெருவுல நின்னு போன் பேச முடியாது. நாலுல இருந்து ஆறு வாரம் தான், ஜோடி சேந்து, பெண்ணுங்க மரக்கிளையில கீறி முட்டை வச்சு, எல்லாம் செத்து விழுந்துரும். முட்டை பொரிச்ச குஞ்சுங்க மண்ணுல விழுந்து உள்ள போனா அடுத்த 17 வருஷத்துக்கு வெளிச்சமே பாக்காது.

எங்க ஊர் கூட்டத்துக்கு பத்தாம் நம்பர் கூட்டம்னு பேரு. 1970, 1987, 2004, 2021, அடுத்தது 2038. 2021ல ஜனாதிபதி பைடனோட ஐரோப்பா பயணத்துக்குக் கூடப் போக வேண்டிய பத்திரிகைக்காரங்க விமானத்துல இந்தப் பூச்சிங்க பூந்து, கெளம்பவே பல மணி நேரம் தாமதமாச்சு. 2024ல இன்னும் பெரிய விஷயம், 17 வருஷக் கூட்டம் ஒண்ணும் 13 வருஷக் கூட்டம் ஒண்ணும் ஒரே வசந்தத்துல வந்துச்சு. அந்த ரெண்டும் இதுக்கு முன்னாடி சேந்து வந்தது 1803ல, தாமஸ் ஜெஃபர்சன் ஜனாதிபதியா இருந்தப்போ. 13ஐயும் 17ஐயும் பெருக்கினா 221, அதனால அடுத்தது 2245.

இப்போ கதிர் கேட்ட கேள்வி, எப்படி எண்ணுது? இதுக்கு ஒரு அருமையான பரிசோதனை இருக்கு. ரிச்சர்ட் கார்பன்னு கலிஃபோர்னியால ஒரு பூச்சியியலாளர், 17 வருஷக் கூட்டத்துல 15 வருஷம் முடிச்ச குட்டிங்கள எடுத்து பீச் மரத்து வேர்ல கொண்டு போய் விட்டார். அந்த மரங்கள ஒரே வருஷத்துல ரெண்டு தடவை இலை உதுத்து ரெண்டு தடவை பூக்க வச்சார். என்னாச்சு தெரியுமா, பூச்சிங்க ஒரு வருஷம் முன்னாடியே வெளிய வந்துருச்சு. அப்போ அது நாளையும் எண்ணல, சூட்டையும் குளிரையும் எண்ணல, மரம் எத்தனை தடவை துளிர்த்துச்சுன்னு எண்ணியிருக்கு. வசந்தத்துல மரம் துளிர்க்குறப்போ வேர்ச்சாறோட சத்து மாறும், குடிக்கிற பூச்சிக்கு அது தெரியும். இந்த முடிவு 2000ல வெளியாச்சு. மண்ணுக்குள்ள இருட்டுல கெடக்குற ஒரு பூச்சி மரத்த வச்சு வருஷம் எண்ணுதுன்னு மொதல் தடவை படிச்சப்போ ராத்திரி தூக்கமே வரல எனக்கு. ஆனா துளிர்த்தத உணர்றது வேற, அத 17 வரைக்கும் எங்க குறிச்சு வைக்குதுங்குறது வேற. அந்த ரெண்டாவதுக்கு இன்னிக்கு வரைக்கும் விடை வரல.

நம்ம நாட்டுலயும் ஒண்ணு இருக்கு, பல பேருக்குத் தெரியாது. மேகாலயாவுல ரி-போய் மாவட்டத்துல 4 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சிள்வண்டு. 2010, 2014, 2018, 2022, பாத்தீங்களா, கால்பந்து உலகக்கோப்பை நடக்குற வருஷமா அமைஞ்சுருச்சு. அங்க மக்கள் ராத்திரி பந்தம் எடுத்துட்டுப் போய் புடிச்சு சமைச்சு சாப்புடுவாங்க. ஃபிஜி தீவுல 8 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற நனாய்னு ஒண்ணு இருக்கு, அந்த நாட்டோட 100 டாலர் நோட்டுல அதோட படத்த போட்டிருக்காங்க.


போடிமெட்டு_கதிர்:

ராஜி அக்கா, செல்வா அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. செடி செத்துருங்குறதே எனக்கு இப்போ தான் தெரியுது. பீச் மரம் மேட்டர நாலு தடவை படிச்சேன். ஆனா "ஏன்"ங்குறது இன்னும் பாக்கி இருக்கு. 17 வருஷம் மண்ணுக்குள்ள கெடந்து ஒரு மாசம் வெளிய வந்து சாகுறதுல அந்த இனத்துக்கு என்ன லாபம்? வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா வந்தா இன்னும் பாதுகாப்பு தானே?


காட்டுக்கணக்கு:

பாதுகாப்பு இல்ல கதிர், அங்க தான் விஷயமே இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வந்தா கொஞ்சம் கொஞ்சமா தின்னு தீத்துருவாங்க.

டேனியல் ஜான்சன்னு ஒரு சூழலியலாளர் 1976ல மூங்கில் ஏன் இவ்ளோ காலம் காத்திருந்து பூக்குதுன்னு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், இந்தத் துறையில இன்னிக்கும் எல்லாரும் அங்க இருந்து தான் ஆரம்பிக்கிறாங்க. அவர் சொன்னது இது தான்: விதை தின்னுற எலி, பறவை, பன்னி எல்லாத்துக்கும் வயிறு ஒரு அளவு தான். வருஷா வருஷம் கொஞ்சம் விதை கெடச்சா அத நம்பி அதுங்க எண்ணிக்கை நிலையா இருக்கும், விழுற விதை எல்லாத்தையும் தின்னுரும். பல வருஷம் ஒண்ணுமே இல்லாம பட்டினி போட்டுட்டு திடீர்னு ஒரே வருஷம் மலை மலையா கொட்டுனா, தின்ன முடிஞ்ச அளவு தின்னும், மீதி மொளைக்கும். அந்த மீதி தான் அடுத்த தலைமுறை.

இப்போ ஒரே ஒரு செடி கணக்கு தப்பி ஒரு வருஷம் முன்னாடி பூத்துச்சுன்னு வைங்க. காடு முழுக்க பசியோட இருக்குற வாய்க்கு அது ஒண்ணு தான் சாப்பாடு. ஒரு விதை மிஞ்சாது. கணக்கு தப்புற ஜீன் அதோட அழிஞ்சுது. லட்சக்கணக்கான வருஷம் இப்படியே நடந்தா மிஞ்சுறது எல்லாம் துல்லியமா எண்ணத் தெரிஞ்சது மட்டும் தான். நீங்க "அதுக்கு எப்படி தெரியுது"ன்னு கேட்டீங்கல்ல, ஒரு வகையில தின்னுறவங்க தான் அந்தக் கடிகாரத்த திருத்தித் திருத்தி வச்சிருக்காங்க. சிள்வண்டும் இதே தான், அதுக்கு ஓடி ஒளியத் தெரியாது, கடிக்காது, விஷம் கெடையாது, எண்ணிக்கை மட்டும் தான் அதோட ஆயுதம்.

இதோட எல்லையப் பாக்கணும்னா ஜப்பான், சீனாவுல வளர்ற மதாக்கே மூங்கில். 120 வருஷம். சீனாவுல கி.பி. 999ல பூத்ததுக்குப் பதிவு இருக்கு. ஜப்பான்ல 1840கள்ல பூத்துச்சு, அப்புறம் 1960கள் கடைசியில பூத்துச்சு. அந்த 1960கள்ல நடந்தது தான் என்னால நம்பவே முடியாத பகுதி: அதே மூங்கில்ல இருந்து வெட்டி எடுத்துட்டுப் போய் இங்கிலாந்துலயும் ரஷ்யாவுலயும் அமெரிக்காவோட அலபாமாவுலயும் நட்டு வச்சிருந்தாங்க, வேற மண்ணு, வேற குளிர், வேற மழை, அதெல்லாமும் ஜப்பான்ல இருக்குற தாய்மூங்கில் பூத்த அதே காலத்துல பூத்துச்சு. ராஜி மேடம் சொன்ன "உள்ளுக்குள்ள இருக்குற கணக்கு"ங்குறதுக்கு இதைவிட சாட்சி வேணாம்.

அடுத்து ஏன் 12, ஏன் 17. சிள்வண்டுக்கு 13, 17 ரெண்டும் பகா எண், அதனால 5 வருஷத்துக்கு ஒருக்கா பெருகுற எதிரி ஒண்ணு இருந்தா 17 வருஷப் பூச்சிய 85 வருஷத்துக்கு ஒரு தடவை தான் சந்திக்கும்னு ஒரு விளக்கம் சொல்லுவாங்க, கேக்க ரொம்ப அழகா இருக்கும், யூடியூப் முழுக்க இது தான் ஓடுது. எனக்கு இதுல முழுசா உடன்பாடு இல்ல. அப்படி வருஷக் கணக்கு வச்சு பெருகுற எதிரி ஒண்ணு கூட இதுவரைக்கும் ஆதாரத்தோட கெடைக்கல. 13 வருஷக் கூட்டமும் 17 வருஷக் கூட்டமும் அடிக்கடி கலந்து கலப்பினம் ஆகி கணக்கு குழம்பிடக்கூடாதுன்னு தான் பகா எண் நெலச்சுதுன்னு ஜப்பானியர் யோஷிமுரா 1997ல சொன்னார், அது எனக்குக் கொஞ்சம் ஒத்துவருது. எப்படி இருந்தாலும் குறிஞ்சிக்கு இது பொருந்தாது, 12உம் பகா எண் இல்ல, கார்வியோட 8உம் இல்ல.

மூங்கிலுக்கு வேற ஒரு விளக்கம் 2015ல வந்துச்சு, ஹார்வர்ட்ல வெல்லர், நோவாக், டேவிஸ்னு மூணு பேர். ஒரு கூட்டமே 5 வருஷத்துக்கு ஒரு தடவை பூத்துட்டு இருக்குறப்போ அதுல ஒரு செடி மட்டும் 7 வருஷம்னு மாறுனா அது தனியா பூத்து மொத்த விதையையும் பறிகொடுக்கும். ஆனா 10 வருஷம்னு மாறுனா? அது பூக்குற ஒவ்வொரு தடவையும் மத்ததும் கூட பூக்கும், கூட்டத்தோட பாதுகாப்பு கெடைக்கும், நடுவுல சேத்து வச்ச சத்துல விதையும் கூட விடும். அப்போ கணக்கு பெருக்கல்ல தான் நீளும். 120ன்னா 5, 3, 2, 2, 2 எல்லாத்தையும் பெருக்குனது. முள்மூங்கிலுக்கு அவங்க எடுத்துக்கிட்டது 32, அது அஞ்சு தடவை ரெண்டப் பெருக்குனது. எல்லாம் சின்னச் சின்ன எண்ணாவே உடையுது. குறிஞ்சியோட 12உம் அந்த மாதிரி உடையுற எண் தான், ஆனா அந்த ஆய்வு மூங்கிலோட நின்னுருச்சு, குறிஞ்சிக்கு யாராச்சும் செஞ்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.


ரிட்டயர்டு_ஹவில்தார்:

மூங்கில் பூத்தா பஞ்சம் வரும்னு நம்ம ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க, படிச்ச பிள்ளைங்க மூடநம்பிக்கைன்னு தள்ளிடுவாங்க. நான் சர்வீஸ்ல மிசோரம் பக்கம் இருந்தவன், அங்க வயசானவங்ககிட்ட உக்காந்து கேட்டா இது எவ்ளோ உண்மைன்னு தெரியும். மேல தம்பி சொன்னாரே, தின்ன முடியாத அளவு கொட்டும்னு, அந்தத் தின்னுற கூட்டம் அப்புறம் எங்க போகும்னு யாரும் கேக்கல பாருங்க.

அங்க காடு முழுக்க ஒரே வகை மூங்கில், 48 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். மத்த மூங்கில் மாதிரி நெல்லு மணி போல விதை இல்ல இதுக்கு, பேரிக்காய் மாதிரி சதைப்பத்தான பெரிய காய். எலிக்கு விருந்து. சாப்பாட்டுக்குக் கொறை இல்லைன்னதும் மாசா மாசம் குட்டி போட்டு குட்டி போட்டு பெருகும், அந்தக் குட்டிங்களும் வளந்து குட்டி போடும். ஒரு நாள் காய் தீந்து போகும், மிச்சம் இருக்குறது மொளைச்சிரும். அப்போ அத்தனை எலியும் மலைச்சரிவுல போட்டிருக்குற நெல்லுக்கு எறங்கும். ஒரே ராத்திரியில ஒரு குடும்பத்தோட வருஷத்து அறுவடை போயிரும். அத மௌதாம்னு சொல்லுவாங்க.

1958-59ல அது வந்துச்சு. வரப்போகுதுன்னு பெரியவங்களுக்கு முன்னாடியே தெரியும், முந்தினது 1911-12ல வந்தது, கணக்கு வச்சிருந்தாங்க. அப்போ மிசோரம் அசாம் மாநிலத்துக்குள்ள இருந்துச்சு, அங்க இருந்த மாவட்ட கவுன்சில் முன்கூட்டியே அரசாங்கத்துக்கிட்ட உதவி கேட்டுச்சு, மலைவாழ் மக்களோட நம்பிக்கைன்னு அத பெருசா எடுத்துக்கல. பஞ்சம் வந்துச்சு. மக்களுக்கு அரிசி கொண்டு போய்ச் சேக்க லால்டெங்கா தலைமையில மிசோ தேசிய பஞ்ச முன்னணின்னு ஒண்ணு வேலை செஞ்சுது. 1961ல அந்தப் பேருல இருந்த பஞ்சத்த எடுத்துட்டு மிசோ தேசிய முன்னணின்னு அரசியல் கட்சி ஆச்சு. 1966ல ஆயுதப் போராட்டம் வெடிச்சு, அந்த மார்ச்ல ஐசால் ஊர் மேல நம்ம விமானப்படையே குண்டு போட்டது. இருபது வருஷம் போச்சு. 1986ல ஒப்பந்தம் ஆகி, 1987ல மிசோரம் தனி மாநிலம் ஆச்சு, லால்டெங்காவே முதலமைச்சர். ஒரு மூங்கில் பூத்ததுல ஆரம்பிச்ச சரித்திரம் இது.

அடுத்த தடவை, 2006-08ல, அரசாங்கம் முன்னாடியே தயாரா இருந்துச்சு. எலி வால் கொண்டு வந்து குடுத்தா ஒரு வாலுக்கு 2 ரூபா குடுத்தாங்க, நெல்லுக்குப் பதிலா இஞ்சி, மஞ்சள் போடச் சொன்னாங்க. அப்பவும் நெல்லு நெறைய போச்சு, ஆனா 1959 மாதிரி ஆகல. இனி 2054 வாக்குல. இப்போ அங்க ஸ்கூல்ல படிக்கிற புள்ளைங்க தான் அத சந்திக்கணும், அதுங்களுக்கு இப்பவே சொல்லி வைக்கணும்.


ஹட்டன்_மலர்:

எங்க பக்கத்துலயும் இருக்குங்க. நுவரெலியாவுக்கு அங்கால ஹோர்டன் சமவெளியில நெலுன்னு சொல்ற பூ, குறிஞ்சியோட சொந்தக்கார இனம் தான், அதுலயும் 12 வருஷக் கணக்கு உள்ள வகை இருக்கு. 2013ல பூத்த நேரம் கொழும்புல இருந்தெல்லாம் சனம் பஸ் புடிச்சு வந்துச்சு. வெள்ளை, ஊதா, இளஞ்சிவப்புன்னு காட்டுக்குள்ள மரத்துக்கு அடியில முழுக்க பூ. ஹவில்தார் ஐயா எலி கதை சொன்னாங்க, இங்க காட்டுக்கோழி. நெலு விதை கொட்டுற காலத்துல காட்டுக்கோழி எல்லாம் அங்க கூடிரும்னு வெள்ளைக்காரங்க காலத்துலயே எழுதி வச்சிருக்காங்க. பூத்து முடிஞ்சதும் செடி எல்லாம் காஞ்சு போயி, அதுவரைக்கும் இருட்டா கெடந்த காட்டுத்தரைக்கு வெயில் எறங்கும், அந்த வெளிச்சத்துல தான் புது நாத்து எழும்பும்.


சின்சினாட்டி_செல்வா:

ஹவில்தார் ஐயா, உங்க பதிவ வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன், நன்றிங்க ஐயா. தின்னுற கூட்டம் எங்க போகும்னு கேட்டீங்கல்ல, இங்க 2021ல அதையும் அளந்து பாத்தாங்க, 2023ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. 80க்கும் மேல பறவை இனங்கள் சிள்வண்டு பக்கம் திரும்பிடுச்சு. அதனால வழக்கமா அதுங்க தின்னுற கம்பளிப்பூச்சி எல்லாம் தப்பிச்சு ரெண்டு மடங்கு ஆகி, ஓக் மரத்து இலைய அந்த வருஷம் அதிகமா கடிச்சு வச்சிருச்சு. மண்ணுல இருந்து வந்த பூச்சி மரத்து உச்சி இலை வரைக்கும் கணக்க மாத்திருச்சு.

இன்னொண்ணு சொல்லாம விட்டா மனசு ஆறாது. எல்லா எதிரியையும் எண்ணிக்கையால ஏமாத்துன இந்தப் பூச்சியால ஏமாத்த முடியாத எதிரி ஒண்ணு இருக்கு, மாசோஸ்போரான்னு ஒரு பூஞ்சை. அதோட விதைத்தூள் மண்ணுக்குள்ளயே அடுத்த தடவை வரைக்கும் கெடக்கும், பூச்சி மேல வர்றப்போ ஒட்டிக்கும். கொஞ்ச நாள்ல பூச்சியோட வயித்துப் பின்பக்கம் கழண்டு விழுந்து அங்க வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி போல பூஞ்சை நிக்கும். உடம்புல பாதி இல்ல, ஆனா பூச்சி ஓய மாட்டேங்குது, பறக்குது, ஜோடி தேடுது, போற இடமெல்லாம் தூளக் கொட்டுது. காரணம் 2019ல தெரிஞ்சுது, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஆராய்ஞ்சப்போ அந்தப் பூஞ்சைக்குள்ள கேத்தினோன் இருந்துச்சு. ஏமன், எத்தியோப்பியா பக்கம் மக்கள் மென்னுற காத் இலையில இருக்குற அதே ஊக்க மருந்து. நோய் புடிச்ச ஆண் பூச்சி பெண் மாதிரி றெக்கைய அடிச்சு மத்த ஆணுங்களக் கூப்பிட்டு அதுங்களுக்கும் ஒட்ட வைக்குது.


போடிமெட்டு_கதிர்:

ஒரு கேள்வி கேட்டு இவ்ளோ கெடைக்கும்னு எதிர்பாக்கல. கடைசியா ஒண்ணே ஒண்ணு. காலநிலை மாறிட்டே வருது, மலையிலயும் சூடு ஏறுது. இந்தக் கணக்கு குழம்புமா? 2030ல எங்க மலையில பூக்கும்னு நம்பலாமா?


ராஜி_தாவரவியல்:

கணக்கு குழம்புறத விட எனக்கு எண்ணிக்கை கொறையுறது தான் பயம் தம்பி. காட்டுக்கணக்கு சொன்ன தர்க்கத்தையே திருப்பிப் பாருங்க. கூட்டமா இருந்தா தான் பாதுகாப்புன்னா, கூட்டம் சின்னதாகுறப்போ அந்தப் பாதுகாப்பு மொத்தமா போயிரும். செல்வா ஊர்ப் பூச்சிக்கே இது நடந்திருக்கு, கனெக்டிகட் மாநிலத்துல இருந்த பதினொண்ணாம் நம்பர் கூட்டத்த கடைசியா பாத்தது 1954ல. ஃபுளோரிடா பக்கத்துல இருந்த ஒண்ணு 1870க்கு அப்புறம் வரவே இல்ல. காடு வெட்டி, கூட்டம் ஒரு அளவுக்குக் கீழ போயாச்சுன்னா மிச்சத்த பறவைங்களே முடிச்சிரும்.

கணக்கு தப்புறதும் உண்டு தான். 2021ல வர வேண்டிய பத்தாம் கூட்டத்துல ஒரு பகுதி 2017லயே, 4 வருஷம் முன்னாடி, சின்சினாட்டி, வாஷிங்டன் பக்கம் வெளிய வந்துச்சு. வெப்பம் கூடி வளர்ச்சி வேகமானதால இருக்கலாம்னு சில ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுறாங்க. குறிஞ்சியிலயும் அங்கொண்ணு இங்கொண்ணு முன்னப் பின்ன பூக்கும், அது சகஜம்.

குறிஞ்சிக்கு நெருக்கடி வேற பக்கம் இருந்து வருது. அது சோலைக்காட்டுக்குப் பக்கத்துல இருக்குற புல்வெளிச் சரிவுல வளர்ற செடி. அந்தப் புல்வெளிய தரிசுன்னு நெனச்சு நூறு வருஷத்துக்கும் மேல தேயிலை போட்டாங்க, யூகலிப்டஸ் நட்டாங்க, சீகை மரம் நட்டாங்க. சீகை இப்போ நடாமலே பரவுது, அதோட நிழல்ல குறிஞ்சி மொளைக்காது. 2024ல உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலக்குறிஞ்சிய அழியக்கூடிய அபாயத்துல இருக்குற இனமா பட்டியல்ல சேத்துருச்சு. அதுக்கு முன்னாடியே வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்துப் பட்டியல்லயும் வந்தாச்சு, பறிச்சா, பிடுங்குனா குற்றம்.

2018 ஆகஸ்ட்ல பூக்குற நேரம் பாத்து கேரளாவுல அந்தப் பெருவெள்ளம், மண்சரிவு. அதையும் தாண்டி மழை விட்டதும் பூத்துச்சு, அதனால 2030ல பூக்கும்னு நான் நம்புறேன். நீங்க மேல போறப்போ ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க தம்பி, பூவப் பறிக்கிற கைய மட்டும் தடுத்தா போதாது. பூ வாடினதும் கூட்டம் கெளம்பிரும், விதை முத்துறது அதுக்கு அப்புறம் தான், வெயில் காலத்துத் தீ வர்றதும் அந்தச் சமயம் தான். அடுத்த 12 வருஷத்துக்கான விதை எல்லாம் அப்போ காஞ்ச செடியிலயும் தரையிலயும் கெடக்கும். போடி, மூணாறு பக்கம் இருக்குற பசங்க சேந்து 2030 கடைசியில இருந்து 2031 கோடை வரைக்கும் தீக்காவலுக்கு வனத்துறையோட நிக்க முடியுமான்னு இப்பவே பேசி வைங்க, நானும் என் மாணவர்களக் கூட்டிட்டு வரேன்.